இல்லாத மரத்தைச் சுற்றி

இருவருக்கும் சேர்த்து ஒரே பந்து. ஒருவர் அடித்தால், அது போய் விழுந்த இடத்திலிருந்து மற்றவர் அடிக்க வேண்டும். அவர் கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்து மீண்டும் முதலாமவர். அந்த கோல்ப் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்த ஜோடி ஆட்டத்தின் சட்டம் இது. தன் கைவரிசையைக் காட்டிவிட்டுப் போகிறவனுக்கு அங்கே வேலையில்லை. அடுத்து வந்து நிற்கப்போகிறவருக்கு எந்த இடம் தோதுப்படும் என்று எண்ணிப் பார்த்துத்தான் மட்டையை ஓங்க வேண்டும். திருமண மேடைகளில் மணிக்கணக்காக வாழ்த்துரை வழங்குகிறவர்கள், மணமக்களுக்கு இந்த ஒரு சட்டத்தைச் சொல்லிவிட்டு இறங்கினால் போதும். நீதிமன்றங்களில் பாதிக் கூட்டம் குறையும்.

அந்த மைதானத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் ஜோடி.

ஒரே அடுப்பில் சமைக்கவே முடியாதவர்கள் என்று உலகம் முத்திரை குத்திவைத்திருக்கும் இரண்டு பேர் ஒரே பந்தை அடிப்பதாவது என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சேர்த்துவைத்தவன் மகன். "அந்தப் பந்தை அடிச்சு முடிக்கறதுக்குள்ள ரெண்டு பேருக்கும் கை ஓஞ்சிடும். அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கத் தெம்பு இருக்காது" என்று அவன் சொன்னபோது, மாமியார் அவன் முதுகில் ஒன்று வைத்தார், மருமகள் இன்னொன்று வைத்தாள். ஜோடி அன்றே அமைந்துவிட்டது.

மகன் நில அளவையாளன். மண்ணைக் கண்டால் அவனுக்குக் கால் நிற்காது. மைதானத்தின் ஒன்பது குழிகளுக்கும் நடந்து நடந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி வகுத்தான். தொடங்கும் முறை மாறி மாறி வரும் ஆட்டம் அது. நீண்ட தடங்கள் ஒற்றைப்படைக் குழிகளில் இருந்ததால் அவற்றை மருமகள் தொடங்கட்டும் என்றான். அவளுக்குத் தோளில் வலு. இரட்டைப்படைக் குழிகள் குட்டையானவை, வலுவைவிட நிதானத்தைக் கேட்பவை. அவற்றை அம்மா தொடங்கட்டும். மூன்றாவதில் வலப்புறம் மணல் பள்ளம் வாயைத் திறந்து காத்திருக்கிறது, எப்போதும் இடப்புறம் பார்த்தே அடி. ஆறாவதில் பந்து குழிக்கு மேலே போய் நின்றால் இறக்கத்தில் உருட்ட வேண்டிவரும், ஆகவே குறைவாக அடி, ஏறி வரட்டும். ஒன்பதாவதுதான் பொல்லாதது. தடம் வலப்புறம் திரும்பும்; திருப்பத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் யானைபோல் நிற்கும்; அதைத் தாண்டினால் குட்டை; குட்டைக்கு அக்கரையில் குழி. "மரத்தோட மல்லுக்கு நிக்காதீங்க. இடது பக்கமா சுத்திப் போங்க. ரெண்டாவது அடியைக் குட்டைக்கு முன்னாடி நிறுத்துங்க. மூணாவது அடியில தண்ணியைத் தாண்டுங்க." இரு பெண்களும் இதைக் கேட்டுக் கேட்டு, தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார்கள்.

பிறகு ஒரு நாள், வேலைக்குப் போன அவனுடைய வண்டி ஈரச் சாலையில் சறுக்கியது. அவன் திரும்பவில்லை. அவன் வகுத்த வழிகள் மட்டும் இருந்தன.

கணவனை இழந்தவள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்கு ஒவ்வொரு தெருவிலும் ஒரு கூட்டம் சம்பளம் வாங்காமல் காத்திருக்கிறது. அவள் சிரித்தால் அதற்கொரு கணக்கு, வண்ணப் புடவை உடுத்தினால் அதற்கொரு வழக்கு! அந்தக் கூட்டம் இந்த வீட்டு வாசலுக்கும் வந்தது. மாமியார் ஒரு காலத்தில் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். மூன்று நடைமேடைகளுக்கும் கேட்கும் குரல் இன்னும் தொண்டையில் அப்படியே இருந்தது. மருமகளின் கையில் மட்டைப் பையைக் கொடுத்துவிட்டு, வாசலைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாரோட கனிவான கவனத்துக்கு! போனவன் என் வயித்துல பொறந்தவன். அழறதா, ஆடறதான்னு நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறோம். நீங்க அடுத்த வண்டியைப் பிடிங்க!"

அப்படிப்பட்ட மாமியார். அதுவே இப்போது மருமகளின் துயரம். கொடுமைக்காரியிடமிருந்து விடைபெற்றுப் போகக் கொஞ்சம் துணிச்சல் இருந்தால் போதும். இந்தப் பெண்மணியிடமிருந்து எப்படி விடைபெறுவது?

கேள்வி எழுந்தது கால்நடை மருத்துவரால். அதே மைதானத்தில் ஆடுகிறவர்தான்; மருமகள் வேலை செய்த மருந்துக் கடைக்கு அவர் பஞ்சும் கட்டுத்துணியும் வாங்க வருவார். வந்தவர், சென்ற வாரம், மீதிச் சில்லறையை எடுக்காமல் நின்றார். "நான் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதவன். என் நோயாளிங்க யாரும் பேச மாட்டாங்க, அதனால எனக்குப் பழக்கமில்ல. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? இப்பவே சொல்ல வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் சொல்லுங்க. இல்லைன்னாலும் நான் பஞ்சு இங்கதான் வாங்குவேன்" என்றார். அவர் போன பிறகு, அவள் ஒரு கிழவருக்கு இருமல் மருந்துக்குப் பதிலாகக் கண் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்து, அவர் கதவைத் தாண்டுமுன் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவள் மனம் சரி என்று சொல்லிவிட்டது. வாய்தான் சொல்லவில்லை. காலையில் இரண்டு தட்டு, மாலையில் இரண்டு தம்ளர், கொடியில் இரண்டு புடவை என்று ஓடிக்கொண்டிருந்த வீட்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு எதிர் ஜோடியாக வந்தவர்களே மருத்துவரும் அவருடைய அக்காவும்தான். அக்கா தையற்கடை வைத்திருப்பவர். கழுத்தில் அளவு நாடா தொங்கத்தான் மைதானத்துக்கும் வருவார். மனத்தில் பட்டதை உடனே வெளியில் வெட்டிப் போட்டுவிடுகிறவர்.

குறைந்த அடிகளில் முடிப்பவர்களுக்குக் குழி; அதிகக் குழிகளை வென்றவர்களுக்கு ஆட்டம். ஆறு குழிகள் முடிந்தபோது ஆட்டம் சமநிலையில் இருந்தது. ஏழாவதில் மாமியாரும் மருமகளும் பந்தைக் குழியில் போட்டு முடித்துவிட்டார்கள். மருத்துவருக்கு இன்னும் ஓர் அடி மீதி. அவர் உருட்டிப் போட்டால் அந்தக் குழி சமம். தவறினால் அந்தக் குழி மாமியார் மருமகளுக்கு. பந்து குழியிலிருந்து ஓர் ஆள் நீளத்துக்கு அப்பால் கிடந்தது.

இந்த ஆட்டத்தில் ஒரு நாகரிகம் உண்டு. எதிராளியின் பந்து குழிக்குப் பக்கத்தில், குழந்தைகூடத் தள்ளிவிடும் தூரத்தில் இருந்தால், 'போதும், அடிக்க வேண்டாம், விழுந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுக்கொடுக்கலாம். ஒரு சாண் என்றால் கொடுப்பார்கள். தாராள மனதுக்காரர்கள் ஒரு முழம் கொடுப்பார்கள். ஆள் நீளத்தை யாரும் கொடுத்ததில்லை. கொடுத்துவிட்டால் திரும்பப் பெறவும் முடியாது.

மருத்துவர் குனிந்து, மட்டையைப் பந்தின் பின்னால் வைத்து, ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து அவர் அவளைப் பார்த்தது அதுதான் முதல் முறை.

"இருக்கட்டும், எடுத்துக்கோங்க" என்றாள் மருமகள்.

மருத்துவர் பந்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், எடுக்கலாமா என்று தெரியாமல் நின்றார். அக்கா கழுத்து நாடாவை இழுத்து, தரையில் வைத்து அளப்பதுபோல் பாவனை செய்தார். "ஏம்மா, இவ்வளவு தூரத்தைக் கொடுக்கறதுக்கு, வெற்றியையே எங்க வீட்டு வாசல்ல கொண்டுவந்து போட்டுட்டுப் போயிருக்கலாமே!"

மாமியார் கொடிக்கம்பைக் குழியில் செருகிவிட்டு, எட்டாம் குழியை நோக்கி நடந்தார்.

எட்டாவது குட்டையான தடம். மாமியார் தொடங்கும் முறை. மகன் சொன்ன வழியில், முன்புறம் விழுந்து தானாக உருண்டு ஏறும்படி நிதானமாக அடித்தார். அந்தக் குழியும் சமம். ஒன்பதாவதற்குப் போகும் வழியில், அக்காவும் தம்பியும் முன்னால் நடக்க, மாமியார் நடையைக் குறைத்தார். மருமகளும் குறைத்தாள்.

"கண்ணு உனக்கு நல்லாத்தானே தெரியுது?"

"தெரியுது அத்தை."

"அப்ப அது தூரம்னு தெரிஞ்சேதான் கொடுத்தே."

மருமகள் மட்டைப் பையின் வாரைத் தோள் மாற்றினாள். தேவையில்லாமல் மறுபடி மாற்றினாள். "அத்தை, டாக்டர் என்னைக் கேட்டிருக்கார். கல்யாணத்துக்கு. ஆட்டம் முடிஞ்சதும் பதில் சொல்லணும். உங்ககிட்ட சொல்லணும்னு ஒரு வாரமா வாயைத் திறந்து திறந்து மூடறேன்."

"அதான் ஒரு வாரமா எல்லாத்துலயும் உப்பு ரெண்டு தடவை விழுதா!"

மாமியார் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். மேகம் எதுவும் இல்லாத வானத்தில் அவ்வளவு நேரம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? மருமகள் கேட்கவில்லை. சொல்லிவிட்டோம் என்ற ஆறுதலும், சொல்லியிருக்க வேண்டாமோ என்ற அச்சமும் ஒரே நேரத்தில் நெஞ்சை ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. எது வந்தாலும் தாங்குவேன், இந்த மௌனம் மட்டும் வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஒன்பதாம் தொடக்க மேடையில் மருத்துவர் முதலில் அடித்தார். பந்து தடத்தின் நடுவே நேராகப் போய் விழுந்தது. அடுத்து மருமகள். பந்தைச் சிறு முளையின் மேல் வைத்தாள். கால்களை அகட்டி, எப்போதும் நிற்பதுபோல் இடப்புறம் நோக்கி நின்றாள்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நானும் பாத்துக்கிட்டே வரேன். அங்க என்ன இருக்குன்னு இப்படிச் சுத்திப் போறீங்க? இல்லாத மரத்துக்கு இவ்வளவு மரியாதையா?" என்றவர், தம்பியின் முகத்தைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

உண்மைதான். தூங்குமூஞ்சி மரம் சென்ற மழைக்காலத்துக் காற்றில் விழுந்துவிட்டது. அறுத்து ஏற்றிப்போய்விட்டார்கள். திருப்பத்தில் இப்போது வெறும் புல். வேர் இருந்த இடத்தில் லேசான பள்ளம். குட்டை வரைக்கும் பார்வைக்குத் தடையே இல்லை. மைதானத்துக்கு வருகிற எல்லோரும் குறுக்கு வழியில் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த இரண்டு பெண்கள் மட்டும், ஞாயிறு தவறாமல், இல்லாத மரத்தை இடப்புறமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் கேட்டதில்லை.

மாமியார் மேடையின் ஓரத்திலிருந்து உள்ளே வந்தார். "கொஞ்சம் நில்லும்மா. மரம் எங்க?"

"விழுந்துடுச்சு அத்தை."

"விழுந்தது உனக்குத் தெரியும். பின்ன ஏன் இன்னும் இடது பக்கம் பாத்து நிக்கறே?"

"நீங்க..." மருமகள் மட்டையைத் தரையில் ஊன்றினாள். "அவர் சொன்ன வழியை மாத்தினா நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

"நானா!" மூன்று நடைமேடைகளுக்கும் கேட்டிருக்கும். "அடிப் பாவி, நீ வருத்தப்படுவேன்னுல்ல நான் வாயை மூடிக்கிட்டு உன் பின்னாடியே சுத்திக்கிட்டு இருந்தேன்! முட்டி தேய நடந்தது உனக்காகன்னு நான் நெனச்சா, நீ எனக்காக நடந்தியா?"

மருமகள் சிரிக்க வாயைத் திறந்தாள், கண்ணீர் முந்திக்கொண்டது. மருத்துவர் அவசரமாகத் திரும்பி, குட்டையில் ஏதோ கொக்கைத் தேடுகிறவர்போல் நின்றார். கொக்கு எதுவும் இல்லை.

மாமியார் குரலைத் தாழ்த்தினார். "அவன் அளவைக்காரன்மா. இருக்கற நிலத்தைத்தான் அளப்பான். இங்க இன்னைக்கு அவன் நின்னா, இடது பக்கம் போன்னு சொல்லுவானா? மரம் விழுந்த அன்னைக்கு சாயங்காலமே வந்து, 'வழி திறந்துடுச்சு, நேரா அடி'ன்னு நம்ம ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு வந்து நிறுத்தியிருப்பான். நாமதான் அவன் சொன்ன வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு அவனையே விட்டுட்டோம்." முந்தானையால் மருமகளின் முகத்தை, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல் அழுத்தித் துடைத்தார். "நேராப் பாத்து நில்லு."

அவள் நேராகப் பார்த்து நின்றாள். தோளும் இடுப்பும் வேறு பக்கம் திரும்பியிருந்ததால் உடம்புக்கே புதிதாக இருந்தது. கால் மாற்றிக் கால் வைத்தாள். குட்டை பளபளத்தது. மட்டையை ஓங்கி, தோளின் முழு வலுவையும் இறக்கினாள்.

பந்து மரம் நின்ற இடத்தை நோக்கிப் பறந்துபோய், அதைத் தாண்டாமல், வேர்ப் பள்ளத்துக்குள்ளேயே விழுந்து உட்கார்ந்துகொண்டது.

"பரவாயில்ல" என்றார் மாமியார். "அவன் என்னைப் பள்ளத்துல இறக்காம விட மாட்டான்."

பள்ளத்தில் இறங்கி, கால்களை ஊன்றி, குட்டையின் ஒடுங்கிய முனையைக் குறிவைத்து அடித்தார். பந்து தண்ணீரின் விளிம்பை முத்தமிட்டு, அக்கரைச் சேற்றில் மோதி, புல்லில் ஏறியது. அங்கிருந்து மருமகள் தூக்கிப் போட்டாள். மாமியார் உருட்டினார், குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அக்கா கையை அசைத்து அதை விட்டுக்கொடுத்தார். ஐந்து அடி.

மருத்துவரும் அக்காவும் பந்தைக் குட்டைக்கு முன் நிறுத்தி, பிறகு தாண்டி வந்திருந்தார்கள். அக்கா உருட்டியது குழிக்கு ஒன்றரை முழத்தில் நின்றது. அவர்களுக்கு அது நான்காவது. மருத்துவர் இதைப் போட்டால் ஐந்து, ஆட்டம் சமம். தவறினால் ஆட்டம் மாமியார் மருமகளுடையது.

மருத்துவர் குனிந்தார். அக்கா மருமகளைப் பார்த்து, "ஏழாவதுல ஆள் நீளத்தையே கொடுத்த கை, இதைக் கொடுக்காதா?" என்றார்.

மருமகள் மாமியாரைப் பார்த்தாள்.

"கொடுக்க மாட்டோம்" என்றார் மாமியார். "போட்டுக் காட்டட்டும்."

மருத்துவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான்கு மாடுகள் சேர்ந்து திமிறினாலும் பதறாத அந்தக் கை, ஒரு முட்டையளவுகூட இல்லாத பந்தின் முன்னால் நடுங்கியது. மட்டை தொட்டது. பந்து நேராக வந்து, விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே வந்து நின்றது.

"நூறு பசுவுக்குப் பிரசவம் பாத்தவன்டா நீ!" என்று அக்கா தலையில் கைவைத்தார்.

மாமியார் பந்தை எடுத்துத் துடைத்து மருத்துவரின் கையில் வைத்தார். "கை நடுங்குது. நல்லது. நடுங்காத ஆம்பளைங்களை நான் நெறையப் பாத்துட்டேன். அவங்களுக்கு எதுலயும் பயமில்ல, அக்கறையும் இல்ல." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "டாக்டர் ஏதோ கேட்டிருக்கீங்க. என் மருமகளை உங்களுக்குக் கொடுக்கறதுக்கு நான் யாரு? அவ என் வீட்டுப் பண்டம் இல்ல. அவளுக்கு வாய் இருக்கு. அவளே சொல்லுவா. நான் பக்கத்துல நிப்பேன், அவ்வளவுதான்."

உண்மையிலேயே பக்கத்தில் வந்து நின்றார். தோள் தோளில் பட்டது.

"சரி" என்றாள் மருமகள். மருத்துவரைப் பார்த்துச் சொன்னாள். நிலத்தைப் பார்க்கவில்லை. "எனக்குச் சம்மதம்."

மருத்துவர் கையிலிருந்த பந்தை இந்தப் பையில் போட்டார், எடுத்து அந்தப் பையில் போட்டார். அக்கா அவரைத் தள்ளிக்கொண்டு தேநீர்க் கொட்டகைப் பக்கம் போனார். "வாடா, உக்காரு முதல்ல. விழுந்து வைக்காதே."

இருவர் மட்டும் நின்றபோது மருமகள் மாமியாரின் கையைப் பற்றினாள். "அத்தை, நீங்க தனியா..."

"நான் என்ன, நடைமேடையில யாரோ மறந்துட்டுப் போன பெட்டியா? என் வீடு எனக்கு இருக்கு, என் அடுப்பு இருக்கு. உப்பாவது இனிமே ஒரு தடவை விழும்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மட்டைப் பையின் வாரைப் பிடித்து, அதன் கொக்கியை மாட்டினார், கழற்றினார். மூன்று நடைமேடைக் குரல் எங்கோ போய், கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் கேட்காத குரல் ஒன்று வந்தது. "ஒண்ணு கேக்கணும். கல்யாணம் ஆனதும் புருஷனும் பொண்டாட்டியுமா ஜோடி சேந்து ஆடுவாங்க. அதுதான் வழக்கம். நான் வழக்கத்துக்குப் பயந்தவ இல்ல. ஆனா இதுல... இதுல மட்டும் கொஞ்சம் பயமா இருக்கு."

அப்போதுதான் மருமகளுக்கு விளங்கியது, வானத்தில் அவர் அவ்வளவு நேரம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று. ஊரை எதிர்த்து நின்ற பெண்மணி அஞ்சியது இதற்குத்தான்: ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அடிக்க ஜோடி இல்லாமல் போகும் அந்தப் பாதிப் பந்துக்கு.

"அவர் அக்காவோட ஆடட்டும்" என்றாள் மருமகள். "என் ஜோடி நீங்கதான் அத்தை. மாத்தணும்னு யாராவது சொன்னா, அவங்க அடுத்த வண்டியைப் பிடிக்கட்டும்."

மாமியார் கொக்கியை மாட்டினார். இந்த முறை கழற்றவில்லை.

"அப்ப வா" என்று நடக்கத் தொடங்கினார்.

"எங்க அத்தை? டீ ஆறிடும். அவங்க காத்திருக்காங்க."

"காத்திருக்கட்டும். பழகிக்கட்டும். முதல் குழியிலிருந்து எல்லாத்தையும் புதுசாப் பாக்கணும். மூணாவதுல அந்த மணல் பள்ளத்தைப் போன மாசம் பாதி மூடிட்டாங்க, கவனிச்சியா? நாம இன்னும் பயந்து இடது பக்கமே போய்க்கிட்டு இருக்கோம். வேற எங்கெங்க என்னென்ன மாறிக் கிடக்கோ!"

கொட்டகையில் மருத்துவர் இரண்டு கோப்பைகளைக் கையில் ஏந்திக்கொண்டு எழுந்து நின்றார். வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டிக் காட்டி, ஏதோ ஒன்றுக்கு ஒத்துப்போகாமல் வாதாடிக்கொண்டே, முதல் குழியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.